கல்லூரி வாயிலும் கந்தக மணமும்

வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் என்னைப் பணித்தார். பாண்டியரைப் பற்றியோ பாளையக்காரரைப் பற்றியோ எழுதுவது எனக்கு எளிது. இளங்கலையில் நான் பயின்றது வரலாறே. எனினும் இம்முறை மன்னர்களை விடுத்து ஒரு மத்தாப்புப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில், கரும்பலகைக்கு அருகே, பழைய மத்தாப்புப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. எழுந்து நின்று கேட்க நாணும் மாணவர்கள் தம் ஐயங்களைத் துண்டுத் தாளில் எழுதி அதனுள் இடுவர். சனிக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து விடை கூறுவது என் பணி. தாள்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை கல்லூரிச் சேர்க்கை பற்றியவை; மற்றொருவகை இயற்பியல் பற்றியவை. இவற்றில் நான்கினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"எங்களுக்கு மதிப்பெண் குறைந்தாலும் இடம் கிடைக்கிறது, அது சலுகை என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும்?" என்பது ஒரு தாள். "முதல் குரூப் எடுத்தால் தோற்றுவிடுவேனோ?" என்பது இன்னொன்று. "இராக்கெட்டுக்குக் குச்சி எதற்கு?" என்பது மூன்றாவது. நான்காவது தாளைப் படித்தபோது சற்று நேரம் என்னால் பேச இயலவில்லை. அதனை இறுதியில் சொல்கிறேன்.

முதல் தாளுக்கு ஒரு வரியில் விடை கூற இயலாது. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்பார், அங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலை குறித்து 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1893 பிப்ரவரி முதல் நாள் சென்னை அரசு பிறப்பித்த 68-ஆம் எண் ஆணையைப் பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்பர். பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கே ஓர் அரசாணை வேண்டியிருந்த நாட்டில் கல்லூரி எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அத்தொலைவைக் கடந்தவர்களில் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற நாள்களைப் பற்றி அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். ஏறத்தாழ நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டுப் பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். மாணவர் கூடிப் பேசும் இடத்துக்கு அவர் செல்வதில்லை. அம்மாணவரே 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார்.

அம்பேத்கரின் கல்விக்கும் வெடிமருந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு எனச் சொன்னால் மாணவர் வியப்பர். ஆங்கிலேயர் படையில் நம் போன்ற மக்களுக்கு இடம் கிடைத்தது. சென்னைச் சாப்பர்ஸ் படையில் பறையர் பெருமளவில் பணிபுரிந்தனர், பம்பாய்ப் படையில் மகர்கள் பணிபுரிந்தனர். படைவீரரும் அவர்தம் பிள்ளைகளும் எழுத்தறிய வேண்டும் என்பது அந்நாளைய படை விதி. அண்ணலின் தந்தை இராம்ஜி படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவ்வீட்டில் எழுத்து இருந்தமையால்தான் 1907-இல் மெட்ரிகுலேசன் தேறி எல்பின்ஸ்டன் கல்லூரிக்கும், பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கக் கொலம்பியாவுக்கும் அம்பேத்கரால் செல்ல முடிந்தது.

உதவித்தொகையின் அருமையை அறிந்தவர் அதனை மறக்கவில்லை. 1942-இல் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அவ்வாண்டே தாழ்த்தப்பட்டோர் குறைகளை ஒரு மனுவாக வடித்து அளித்தார். உயர்கல்விக்குப் பொருளுதவி அதில் முதன்மையான கோரிக்கை. 1944-இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கிற்று. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் விண்ணப்பிக்கிறார்களே 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை, அது அன்று தொடங்கியதன் தொடர்ச்சியே. கடைசி நாளன்று இணையம் இயங்கவில்லை என்று என்னிடம் வந்து நிற்கும் தம்பிமார் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி இட ஒதுக்கீடு. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணை நெடுநாள் நடைமுறையில் இருந்தது. 1947-இல் திருத்தியமைக்கப்பட்டவாறு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, நம்மவர்க்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கு வகுக்கப்பட்டிருந்தது. கணக்கு ஆர்வமுள்ளோர் போட்டுப் பார்க்கலாம்: 14-இல் 2 என்பது நூற்றுக்கு 14-க்குச் சற்று மேல். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், எல்லா வகுப்பினருக்கும் பங்கு இருந்தது. ஒருவர் கொடுக்க மற்றவர் ஏந்திப் பெற்ற பொருள் அன்று. அனைவரும் அமர்ந்த பந்தியில் ஓர் இலை.

இவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் என்னும் அம்மையாரும் சீனிவாசன் என்னும் மாணவரும் வழக்குத் தொடுத்தனர். 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டு ஜூன் 18-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்து, 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இன்றைய சேர்க்கை விதிகள் அந்த உட்பிரிவின் மீதே நிற்கின்றன. இதில் ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே அளித்திருக்கவில்லை. இடம் கிடைக்காது எனக் கேள்விப்பட்டே நீதிமன்றம் சென்றார். அவர் விண்ணப்பிக்காமலே உரிமை கேட்டார். நம் பிள்ளைகளோ உரிமை இருந்தும் விண்ணப்பிக்கத் தயங்குகின்றனர்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். தமிழகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கான 16 விழுக்காடு 1971-இல் 18 ஆயிற்று. 1990-இல் பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு கிடைத்தது. மொத்தம் 69 விழுக்காடு என்பதற்கு 1993-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1994-இல் அது அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றப்பட்டது. 2009-இல் 18-க்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றம் கூறியது. நமக்குள் இது குறித்துப் பேச்சு உண்டு என்பதை அறிவேன். நமக்கும் பின்னே நின்றவர் முன்னே வருவதைக் கண்டு முகம் சுளித்தால், நம்மைக் கண்டு முகம் சுளித்தவர்க்கும் நமக்கும் வேறுபாடு யாது என்பதே என் கருத்து.

நம் வட்டாரத்துக்கு வருவோம். விருதுநகர்ச் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-இலும், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-இலும் தோன்றின. அதற்கு முன்னர்ப் பட்டப்படிப்பு எனில் மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ செல்ல வேண்டும். இந்நகரங்களின் வணிகர் மகமை தண்டியும், வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தும் பள்ளி நடத்தினர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922-இல் கல்கத்தா சென்றனர் என்பது ஊரறிந்த கதை. முதல் கொண்டு சென்றார்கள் என்று பலர் கூறுவர். கற்கச் சென்றார்கள் என்பதை நான் அழுத்திக் கூறுவேன். ஆனால் அத்தொழில் பெருகியபோது நம் பிள்ளைகள் எங்கே இருந்தனர்? பொழுது விடியுமுன் கிராமத்துக்கு வரும் ஆலை வண்டியில் இருந்தனர். என் அக்காள் தீக்குச்சி அடுக்கிய கூலியில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப்பட்டது. அவர் நான்காம் வகுப்புடன் நின்றவர்.

இரண்டாம் தாளுக்கு இங்கே விடை தொடங்குகிறது. 1978-இல் தமிழகத்தில் மேனிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரியில் புகுமுக வகுப்பாக இருந்தது பள்ளிக்கே இறங்கி வந்தது. இயற்பியல் ஆய்வகம் நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தது அப்போதுதான். 1986-இல் நான் பத்தாம் வகுப்புத் தேறினேன். அறிவியலில் 81 மதிப்பெண். மேனிலைப் பள்ளி ஒன்றில் முதல் பிரிவு வேண்டி என் தந்தையுடன் நின்றேன். சேர்க்கை மேசையில் இருந்த ஆசிரியர் என் சான்றிதழில் மதிப்பெண்ணைப் பார்த்தார். பின் சாதிச் சான்றைப் பார்த்தார். "வீட்டில் யார் இயற்பியல் சொல்லித் தருவார்? வரலாறு எடுக்கட்டும், தேர்ச்சியாவது பெறுவான்" என்றார். தந்தையார் துண்டைக் கையில் சுருட்டியபடி, "ஐயா சொன்னால் சரிதான்" என்றார். வரலாறு எனக்குச் சோறு போட்டது. அதன்பால் எனக்குக் குறை இல்லை. ஆயினும் அந்த மேசை என்னைக் கேட்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்ததும், சிவகாசிச் சிறுவர்க்காக எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்ததும் அதே 1986-இல்தான். 1996 திசம்பர் 10-இல் வந்த அவ்வழக்கின் தீர்ப்பு, வேலையில் வைத்த ஒவ்வொரு சிறுவருக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. என் அக்காளுக்கு அது காலங்கடந்த தீர்ப்பு.

ஆகவே, முதல் பிரிவு எடுக்கத் தயங்கும் தங்கைக்கு என் விடை: தோற்றுவிடுவாய் என்று உனக்குள் பேசுவது உன் குரல்தானா என முதலில் பார். பின்னர்க் கணக்கைப் பார். பொறியியல் சேர்க்கையில் மொத்தம் 200. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கான நீட் தேர்விலும் இயற்பியல் உண்டு. இயற்பியலுக்கு அஞ்சி ஒதுங்கினால் ஒரே நேரத்தில் இரு கதவுகள் சாத்தப்படும்.

நுழைவுத் தேர்வு என்பது தமிழகத்தில் 1984-85-இல் வந்து, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகன்று, 2017-இல் நீட் என்னும் பெயரில் மருத்துவத்துக்கு மீண்டும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டக் குழுமூர் மாணவி அனிதாவை அவ்வாண்டே இழந்தோம். நம்மவர் பிள்ளை அவள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் நீண்டது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றிருத்தல் வேண்டும். இடையில் ஓராண்டு ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிப் பார்ப்போம் என எண்ணும் பெற்றோர் இவ்விதியை மனத்தில் இருத்துக. 2022 சனவரியில் விருதுநகரிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்னரே பெற்று வைத்தல் வேண்டும். அக்காளோ அண்ணனோ பட்டம் பெற்றிருந்தால் முதல் பட்டதாரிச் சலுகை இல்லை. அதற்காக வருந்த வேண்டா, அக்காள் பட்டம் பெற்றது நற்செய்தியே.

மூன்றாம் தாள், இராக்கெட்டுக் குச்சி. இதற்கு நான் அறிவியல் ஆசிரியையின் உதவியை நாடினேன். மருந்து எரிந்து வளி கீழ்நோக்கிப் பாய்கிறது. அதற்கு எதிராக இராக்கெட்டு மேலே தள்ளப்படுகிறது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி அதுவே. தள்ளுவது குச்சி அன்று; குச்சி திசையைக் காக்கிறது. எடையின் நடுப்புள்ளியை அது பின்னுக்கு இழுக்கிறது; தலை சாய முற்பட்டால் நீண்ட குச்சியின் மீது காற்று மோதி நேராக்குகிறது. குச்சியை முறித்துவிட்டுக் கொளுத்தினால் அடுத்த வீட்டுத் திண்ணைக்குள் புகும் என்பதை எந்தப் பையனுக்கும் நான் கற்பிக்கத் தேவையில்லை. 1780-இல் காஞ்சிக்கருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை இரும்புக் குழல் இராக்கெட்டுகளை ஏவி ஆங்கிலேயரை முறியடித்தது. ஆங்கிலேயர் அதனைக் கண்டு கற்று உல்விச்சில் தாமும் செய்தனர். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து எழுந்த ஆய்வு இராக்கெட்டுக்கும் விதி அதுவே.

ஆலையில் பணிபுரியும் நம் தாய்மார் இயற்பியலைப் பெயரறியாமல் கையாள்கின்றனர். மருந்து அறையில் இரும்புக் கருவி ஏன் கூடாது, வாயிலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஏன் நுழைய வேண்டும், நைலான் உடை ஏன் ஆகாது? இரும்பு உரசினால் பொறி. உடலில் தேங்கிய நிலைமின்னூட்டம் செம்பு வழியே தரைக்கு இறங்கிவிடும். பருத்தி ஆடையில் அது எளிதில் தேங்காது. பாடநூலின் நிலைமின்னியல் அத்தியாயம் இதுவேதான். இவ்விதிகளை ஆலைகள் மீறும்போது மீறப்படுவது இன்னதென்று சொல்லும் அறிவு நம் வீட்டுப் பிள்ளையிடம் இருத்தல் வேண்டும்.

இனி நான்காம் தாள். கட்டம் போட்ட கணித நோட்டிலிருந்து கிழித்த துண்டு. "எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆலைகள் உள்ளன. தீ தெரிந்து எத்தனை நொடியில் சத்தம் கேட்டது என்று எண்ணினால், வெடித்தது அம்மா வேலை செய்யும் ஆலையா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியுமா?"

வகுப்பில் இதனைப் படித்தபோது, "கைப்பேசியில் கூப்பிட்டால் தெரிந்துவிடுமே" என்றான் ஒருவன். "ஆலைக்குள் கைப்பேசி கொண்டு போகக் கூடாது" என்றாள் எழுதியவள். அதன்பின் எவரும் பேசவில்லை.

முடியும் என்பதே விடை. ஒளி நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நம் கண்ணுக்கு அது உடனே. ஒலியோ காற்றுத் துகள்களை ஒன்றன்மேல் ஒன்று மோதித் தள்ளியே வர வேண்டும். நம் ஊர் வெயிலில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதாவது மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆறு எண்ணினால் இரண்டு கிலோமீட்டர், ஒன்பது எண்ணினால் மூன்று. இதனை முறையாக அளந்தது நம் சென்னையிலேயே நடந்துள்ளது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தின் கோல்டிங்காம் என்பவர் 1820, 1821-ஆம் ஆண்டுகளில், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளிக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை நாள்தோறும் குறித்தார். பரங்கிமலை அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர். ஓசை வந்து சேர 26 நொடி அளவு ஆகும். வெப்பமான மாதங்களில் ஒலி விரைந்து வருவதையும் கண்டு, 1823-இல் இலண்டனில் வெளியிட்டார்.

அவளுக்கு வேறொன்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாள். அன்று பகலில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் வெடிப்பின் ஓசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினர். ஆகவே எண்ணு, ஆனால் எண்ணி முடித்தபின் ஓடாதே என்றேன். எண்ணியது உன் அம்மாவின் ஆலையாகவே இருப்பினும் ஓடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறிவியல் ஆசிரியைதான் அதனைச் சொன்னார். அவரே சொல்லத் தக்கவர். அவர் தந்தையும் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர்.

"வகுப்புக்குள் இருக்கும்போது தீ தெரியாதே, சத்தம் மட்டும்தானே கேட்கும்?" என்று அவள் மீண்டும் வினவினாள். அப்போது ஒருவர் எண்ணிப் பயனில்லை என ஆசிரியை விளக்கினார். ஓசை கேட்ட மணி, நிமிடம், நொடியை வெவ்வேறு ஊர்களில் இருப்போர் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் முதலில் கேட்டது, எந்த ஊரில் எத்தனை நொடி பிந்திற்று என்பதைக் கொண்டு வரைபடத்தில் இடத்தைக் குறிக்கலாம். இரண்டு ஊர் போதாது, குறைந்தது மூன்று வேண்டும். உடனே பிள்ளைகள் வரைபடத்தை விரித்தனர். திருத்தங்கலில் யார் இருக்கிறார்கள், வெம்பக்கோட்டைப் பக்கம் யார், சாத்தூர்ச் சாலையில் யார் எனப் பெயர் எழுதத் தொடங்கினர். வகுப்பு முடியும் நேரம் கடந்துவிட்டது. நான் மணி அடிக்கவில்லை.